இரண்டு காலி ஓட்டைகள்

நான் கேட் போடுகிறவன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அம்மா தெரு முழுக்க, "பையன் கம்ப்யூட்டர்ல கேட் போடறானுங்க" என்று பெருமையாகச் சொல்லி வைத்துவிட்டாள். ஒரே வாரத்தில் எதிர்வீட்டுக்காரர் வந்தார். "தம்பி, நம்ம வீட்டு முன்னாடியும் ஒரு கேட் போடணும். பத்தடி அகலம், மேல வேல் வேலா வரணும். என்ன ஆகும்?" கம்ப்யூட்டர் எய்டட் டிசைன் என்ற மூன்று வார்த்தைகளின் முதலெழுத்துதான் அந்த கேட் என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பெயின்ட் நாமதான் அடிச்சுக்கணுமா?" என்றார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் "டிராயிங் ஆபீஸ்" என்று சொல்லித் தப்பித்து வருகிறேன்.

கோயமுத்தூரில் ஒரு சின்ன மெஷின் கம்பெனி. வாடிக்கையாளர் கேட்கிற மாதிரி தனி மெஷின் செய்து கொடுப்போம். கிரைண்டர் கம்பெனிக்குக் கன்வேயர், பம்ப் கம்பெனிக்கு பிரஸ், இப்படி. 2004-ல் சேர்ந்தேன். இரும்பை வெட்டுவதற்கு முன்னால் மொத்த மெஷினையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்து, பூட்டி, சுழற்றிப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு தகடும், ஒவ்வொரு பேரிங்கும் தனித்தனி ஃபைல். அத்தனையையும் ஒரு பெரிய ஃபைலில் உட்கார வைத்தால் அதற்குப் பெயர் அசெம்பிளி. சட்டசபை மாதிரியேதான். எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். யார் யாரைக் கேட்டுக்கொண்டு நகர்கிறார்கள் என்பது வெளியே தெரியாது.

கொஞ்சம் பொறுத்துக்கொண்டு இந்த ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுவிடுங்கள். இது புரிந்தால்தான் நான் செய்த அயோக்கியத்தனம் புரியும்.

ஒரு தகட்டின் மேல் மோட்டார் உட்காருகிறது. மோட்டாரின் காலில் நாலு துளை. தகட்டிலும் நேர் கீழே நாலு துளை வேண்டும். பழைய காலமாக இருந்தால் அளவைப் பார்த்துக் கோடு போட்டு, வட்டம் போடுவோம். இப்போது அப்படி இல்லை. தகட்டின் துளையிடம், "நீ மோட்டாரின் காலைப் பார்த்து நில்" என்று சொல்லிவிடலாம். மோட்டார் மாறினால் துளையும் தானாக மாறும். அந்தத் துளையைப் பார்த்து சங்கிலிக்கு மேலே வரும் கார்டு நிற்கும். கார்டைப் பார்த்து அதன் மூடி நிற்கும். 1985-ல் சாமுவேல் கைஸ்பெர்க் என்று சோவியத் யூனியனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன ஒரு கணிதக்காரர் கம்பெனி ஆரம்பித்து, 1988-ல் ப்ரோ-இன்ஜினியர் என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அளவுகளுக்கு நடுவே உறவு வைக்கிற இந்த வித்தை அதன் வழியாகத்தான் டிராயிங் ஆபீஸ்களுக்குப் பரவியது. 1995-ல் சாலிட்வொர்க்ஸ் வந்து, சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் எங்களைப் போன்ற ஏழைகளுக்கும் அது எட்டியது.

இந்த உறவுக்கு மென்பொருள்காரன் வைத்திருக்கும் பெயரே 'பேரன்ட் - சைல்ட்'. அப்பாவை அழிக்கப் போனால், "பிள்ளைகளும் போய்விடுவார்கள், பரவாயில்லையா?" என்று ஒரு பெட்டி வந்து பட்டியல் போட்டுக் கேட்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

சரி, வயசு இருபத்து நாலு. கையில் இப்படி ஒரு வித்தை. சும்மா இருப்பேனா?

எதை எடுத்தாலும் எதனோடாவது முடிச்சுப் போட்டேன். போல்ட் தலையின் ஓரத்தைப் பிடித்துத் தகட்டின் நீளம், தகட்டின் மூலையைப் பிடித்து சென்சாரின் இடம். ஒரு தடவை கார்டின் நீளம் தகட்டைப் பார்க்கும்படியும், தகட்டின் நீளம் கார்டைப் பார்க்கும்படியும் வைத்துவிட்டேன். மாற்றங்களைக் கணக்குப் போட்டுப் புதுப்பிக்க டிராஃபிக் சிக்னல் படம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை ஒரு தடவை அழுத்தினால் தகடு 2 மில்லி வளர்ந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன், இன்னும் 2 மில்லி. பத்து தடவை அழுத்தியதும் 20 மில்லி. "நல்ல உரம் போட்டிருக்கீங்க" என்றார் பக்கத்து சீட்காரர்.

இந்த லட்சணத்தில்தான் 2008-ல் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனிக்கு அந்தக் கன்வேயரை வரைந்தேன். போல்ட், நட்டு நீங்கலாக 640 பாகம். ஒரு குதிரைசக்தி மோட்டார், 80 ஃபிரேம். 80 என்றால் காலிலிருந்து தண்டின் மையம் 80 மில்லி உயரம். கால் துளைகள் 125-க்கு 100. உலகத்தில் எந்தக் கம்பெனி அந்த ஃபிரேமில் மோட்டார் செய்தாலும் இதே அளவுதான். மெஷின் போனது, ஓடியது, பணமும் வந்தது. (கடைசியில் சொன்னது எங்கள் தொழிலில் அபூர்வம்.)

2009 ஆகஸ்டில் ஒரு பம்ப் கம்பெனி வந்து, "அதே மாதிரி ஒண்ணு வேணும், ஆனா பளு அதிகம்" என்றது. இரண்டு குதிரைசக்தி வேண்டும். அதாவது 90 ஃபிரேம். தண்டின் உயரம் 90, கால் துளைகள் 140-க்கு 125. மூன்று நாளில் டிராயிங் கேட்டார்கள். நான் பழைய அசெம்பிளியைத் திறந்தேன், 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதுப் பெயர் வைத்தேன். பழைய மோட்டாரைத் தூக்கிவிட்டுப் புதுசை வைத்தேன். துளைகளை புது மோட்டாரின் காலோடு மறுபடி முடிச்சுப் போட்டேன். சிக்னலை அழுத்தினேன். தகடு, கார்டு, மூடி எல்லாம் மளமளவென்று தானே இடம் மாறி உட்கார்ந்தன. ஒரு சிவப்புக் குறி கிடையாது. மூன்று நாள் வேலையை ஒன்றரை நாளில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் போய் பரோட்டா சாப்பிட்டேன்.

நான் கவனிக்காத விஷயம் இதுதான். 'சேவ் ஆஸ்' கொடுத்தபோது பெயர் மாறியது மேலே இருந்த பெரிய ஃபைலுக்கு மட்டும். உள்ளே இருந்த 640 பிள்ளைகளும் அதே பழைய பிள்ளைகள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு தனிக்குடித்தனம் வந்துவிட்டதாக நினைத்த மாதிரி. அடுப்பு ஒன்றுதான்! இந்த மெஷினுக்காக நான் மாற்றிய தகடு, அந்த மெஷினிலும் மாறிவிட்டது. தகட்டின் டிராயிங்கும் அந்த ஃபைலைப் பார்த்துத்தான் நிற்கிறது என்பதால் அதுவும் சத்தமில்லாமல் மாறிவிட்டது. அதே டிராயிங் நம்பர், அதே தேதி, அதே கையெழுத்துக் கட்டம். உள்ளே அளவு மட்டும் வேறு.

நவம்பரில் கிரைண்டர் கம்பெனி மறுபடி வந்தது. "போன வருஷம் குடுத்தீங்கல்ல, அதே மெஷின், ஆறு. பொங்கலுக்கு முன்னாடி."

அதே மெஷின்தானே, புதிதாக வரைய ஒன்றுமில்லை. டிராயிங்கைப் பிரின்ட் எடுத்துக் கடைக்கு அனுப்புகிற வேலையை ஜூனியரிடம் கொடுத்தேன். தாராபுரம் பக்கத்துப் பையன். சேர்ந்து நாலு மாதம், இன்னும் புரொபேஷன். காலையில் பஸ் பிடித்து வந்து, எல்லோருக்கும் முன்னால் சீட்டில் இருப்பான். என்னை 'அண்ணா' என்பான். நம்பர் நம்பராகச் சரிபார்த்து, வரிசையாக அடுக்கி, பின் அடித்து அனுப்பினான். பிரின்ட்டில் வந்த அளவு போன வருஷத்து அளவுதானா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் அவன் காலேஜில் இருந்தான்.

ஒரு வியாழக்கிழமை, மூன்று மணி டீ நேரத்துக்குக் கீழே ஷாப்பில் சத்தம் கேட்டது. ஆறு பேஸ் பிளேட், 16 மில்லி தகடு, மெஷினிங் முடித்து, துளைக்கு மரை போட்டு, பெயின்ட் அடித்து வந்து இறங்கியிருக்கிறது. ஆறு கார்டு, ஆறு மூடி. மோட்டாரை வைத்தால் ஒரு துளை கூடச் சேரவில்லை. கார்டில் தண்டு வெளியே வரும் இடம் ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது.

எம்.டி. வந்தார். எங்கள் எம்.டி. கோபத்தில் கத்த மாட்டார். கணக்குப் போடுவார், அது கத்துவதைவிட மோசம். பேப்பர் எடுத்து, தகடு இவ்வளவு, மெஷினிங் இவ்வளவு, பெயின்ட் இவ்வளவு என்று எழுதிக் கூட்டினார். 84,000 ரூபாய்.

"டிராயிங் குடுத்தது யாரு?"

ஜூனியர் கையைத் தூக்கினான். ஸ்கூலில் பிள்ளைகள் தூக்குவது போல.

"செக் பண்ணினியா?"

"பண்ணினேனுங்க சார்."

"என்னத்த பண்ணினே? சம்பளத்துல மாசம் ஆயிரமாப் புடிச்சுக்கலாம். அதுவரைக்கும் நீ இருந்தா."

நான் மாடிக்கு வந்து, என் கம்ப்யூட்டரில் அந்தத் தகட்டைத் திறந்தேன். வேறொரு ஃபைலைப் பார்த்து நிற்கும் பாகத்துக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அம்பு இருந்தது. யாரைப் பார்க்கிறது என்று கேட்டேன். பம்ப் கம்பெனி மெஷின் என்றது.

ஒரே நிமிஷம்தான், எல்லாம் புரிந்துவிட்டது. அந்த ஃபைலை அப்படியே மூடிவிட்டேன்.

ஏன் அப்போதே எழுந்து போய்ச் சொல்லவில்லை? காரணம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் எனக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். தரகர் என் சம்பளத்தோடு, வரப்போகிற இன்கிரிமென்ட்டையும் சேர்த்தே சொல்லி வைத்திருந்தார். 'திங்கட்கிழமை சொல்லிக்கலாம்' என்று நினைத்தேன். திங்கட்கிழமை சொல்வேன் என்று நானே நம்பினேனா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அந்தப் பையன் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து, மூடி வைத்தான். நான் பார்க்காத மாதிரி மோர்க்குழம்பு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் பஜ்ஜி, கேசரி எல்லாம் பிரமாதம். பெண்ணின் அண்ணன் பிளஸ் டூ படிக்கிறவனுக்குச் சொல்லும் தொனியில் என்னிடம் கேட்டார்: "இப்பெல்லாம் கம்ப்யூட்டர்லயே மெஷின் பண்ணிடறீங்களா? தப்பு ஏதாச்சும் இருந்தா அதுவே சொல்லிருமுங்களா?"

"சொல்லிடும்" என்றேன்.

பச்சைப் பொய். ஒரு துளை இன்னொன்றோடு மோதினால் சொல்லும். இரண்டு கட்டளைகள் ஒன்றுக்கொன்று முரணானால் சிவப்பாகக் காட்டும். ஆனால் நீங்கள் கேட்டதை அது சரியாகச் செய்துவிட்டால், அதற்கு அது தப்பே இல்லை. தகடு மோட்டாரைக் கேட்டது, கார்டு தகட்டைக் கேட்டது, எல்லாம் பொருந்தியது. இன்னொரு மெஷின் அதே தகட்டை நம்பிக்கொண்டிருக்கிறது என்பது பொருந்துவது, பொருந்தாதது பற்றிய கேள்வியே அல்ல. அதை அன்றைக்கு அந்தக் கேசரித் தட்டை வைத்துக்கொண்டு அவரிடம் விளக்கும் தைரியம் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு ஆபீஸ் போனேன். ஜூனியர் என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணுமுங்."

"சொல்லு."

"சனிக்கிழமை அந்த பேஸ் பிளேட் ஃபைலைத் தொறந்து பாத்தேனுங். கடைசியா சேவ் பண்ணுனது ஆகஸ்ட்னு போட்டிருக்குதுங். பேரு..." என்று நிறுத்தினான்.

ஃபைலின் உள்விவரத்தில் கடைசியாக சேவ் செய்தவர் யார், எப்போது என்று ஒரு வரி இருக்கும். நான் அதைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லையே!

"யார் கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்ணா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சேனுங். அதான் உங்க கிட்ட மொதல்ல சொல்லிரலாம்னு..."

இதைவிட அவன் என் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

எம்.டி. ரூமுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. சொன்னேன். சேவ் ஆஸ், மோட்டார், துளை எல்லாம். அவருக்குச் சாலிட்வொர்க்ஸ் தெரியாது. ஆனால் கேட்டவை மூன்றே கேள்விகள்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை சாயங்காலம் சார்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அவன்தான் கண்டுபிடிச்சான்."

கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஃபோர்மேனை வரச் சொன்னார்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணனுக்கு அப்போதே வயது அறுபதுக்குப் பக்கம். படித்தது எட்டாவது. கம்ப்யூட்டர் இருக்கிற ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப எல்லாமே தொண்ணூறு ஃபிரேமுக்கு மாறியிருக்குது. கார்டு, மூடி அல்லாம் சேத்தி. வேற எதும் மாறலையே?" என்றார்.

"மாறலைங்கண்ணா. ஒவ்வொண்ணாப் பார்த்துட்டேன்."

"அப்பறம் என்ன? மோட்டாருக்கு அடியில 10 மில்லி பேக்கிங் குடுத்தா தண்டு தொண்ணூறுக்கு வந்துருது. கார்டு கட்டிக்கும். தகட்டுல எம்பது ஃபிரேமுக்கு நாலு ஓட்டை புதுசாப் போட்டு மரை எடுத்துக்கலாம். செயினை டென்ஷனர்ல இழுத்துக்கலாம். ரெண்டு நாள் வேலைங்க மொதலாளி."

84,000 ரூபாய் அந்த ரூமில் கரைந்து, பேக்கிங் தகடும் ஓவர்டைமும் சேர்த்து 9,000-க்கு வந்து நின்றது.

வெளியே வரும்போது அவர் என் தோளில் கை வைத்தார். "ஓட்டையை அளந்தப்பவே தெரியுமுங் தம்பி. 140, 125. தொண்ணூறு ஃபிரேம்னு சொல்லிப் போடலாம். ஆனா வேற என்னென்ன நகந்திருக்குதுன்னு தெரியாம எதுல கை வெக்கறது? ஒரு ஓட்டையைச் சரி பண்ணப் போயி இன்னொண்ணு கெட்டுப் போச்சுன்னா? அது வரைஞ்சவங்களுக்குத்தானே தெரியும். வியாழக்கெழமையே நீங்க வருவீங்கன்னு பாத்தேன்."

எனக்கு அந்த வருஷம் இன்கிரிமென்ட் இல்லை. ஜூனியரின் சம்பளத்தில் பிடிக்கவில்லை. எம்.டி.க்கள் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அன்று சாயங்காலம் அவன் மேஜைக்கு மட்டும் எம்.டி. ரூமிலிருந்து ஒரு டீயும் இரண்டு பப்ஸும் வந்தன. பொள்ளாச்சிக்கு நானே போன் செய்து இன்கிரிமென்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "பரவால்லீங்க, அடுத்த வருஷம் வந்துட்டுப் போகுது" என்றார் மாமனார். அப்படியே ஆனார்.

எங்களை மாதிரி ஆறு தகட்டோடு போனவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஏர்பஸ் ஏ380 என்று இரண்டடுக்கு விமானம் ஞாபகமிருக்கிறதா? அதன் உடம்பைப் பகுதி பகுதியாக ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் பிரிட்டனிலும் பிரான்சிலும் செய்து, பிரான்சின் தூலூஸ் நகரத்தில் சேர்த்தார்கள். உள்ளே ஓடும் மின்கம்பி மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல். ஹாம்பர்க்கில் இருந்தவர்கள் காட்டியா என்ற மென்பொருளின் நாலாவது பதிப்பில் வேலை செய்தார்கள். தூலூஸில் இருந்தவர்கள் ஐந்தாவது பதிப்பில். ஒரு பக்கம் செய்த மாற்றம் இன்னொரு பக்கத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. கம்பிக் கட்டுகள் வந்து இறங்கின, விமானத்துக்குள் வைத்துப் பார்த்தால் நீளம் எட்டவில்லை. 2006 ஜூனில், டெலிவரி தாமதமாகும் என்று அறிவித்தபோது தாய்க் கம்பெனியின் பங்கு விலை ஒரே நாளில் கால்பங்குக்கு மேல் விழுந்தது. அடுத்த மாதமே ஏர்பஸ் தலைவரும், தாய்க் கம்பெனியின் இரு தலைவர்களில் ஒருவரும் ராஜினாமா செய்தார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபரில்தான். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. அங்கேயும் யாரோ ஒருவர் ஒரு சாயங்காலம் தன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, 'திங்கட்கிழமை சொல்லிக்கலாம்' என்று மூடி வைத்திருப்பாரோ என்று தோன்றும். இது என் கற்பனைதான்.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் சட்டதிட்டம் வந்தது. எழுதியது ஜூனியர். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கெங்கே எப்படி எப்படி மாட்டிக்கொள்ளலாம் என்று அனுபவ உரை நிகழ்த்தினேன்.

முதல் காரியமாக, பங்காளி பங்காளியைக் கேட்பதை நிறுத்தினோம். தகடு மோட்டாரைக் கேட்கக் கூடாது, கார்டு தகட்டைக் கேட்கக் கூடாது. கன்வேயரின் அகலம், தண்டின் உயரம், தரையிலிருந்து பெல்ட் எவ்வளவு என்று முக்கியமான பத்துப் பதினைந்து அளவுகளை மட்டும் வைத்து, வெறும் கோடுகளால் ஒரு ஃபைல். எலும்புக்கூடு என்று பெயர். மெஷினில் அது ஒரு கிராம் எடை கூட இல்லாதது, ஆனால் வீட்டுப் பெரியவர் அதுதான். எல்லோரும் அவரை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்டின் உயரம் மாறினால் ஒரே இடத்தில் மாற்றலாம். யாரெல்லாம் நகர்வார்கள் என்பது முன்கூட்டியே தெரியும்.

டிராயிங் கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு பாகத்தின் அம்புக்குறியையும் பூட்ட வேண்டும் என்பது இன்னொன்று. பூட்டினால் அம்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரும். உறவு இருக்கும், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. வேண்டும்போது திறந்துகொள்ளலாம். அடியோடு வெட்டிவிடவும் முடியும், அப்போது பெருக்கல் குறி வரும். அது மறுபடி ஒட்டாது. எங்கள் ஆபீஸில் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுப் பயந்து, ஒரு மெஷினில் எல்லா உறவையும் வெட்டிவிட்டு, "இனி எவனும் எவனையும் அசைக்க முடியாது" என்று நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த மாதம் வாடிக்கையாளர் அகலத்தை 50 மில்லி கூட்டச் சொன்னார். எழுபது பாகத்தை ஒவ்வொன்றாகத் திறந்து, கையால் மாற்றினார் மனிதர். அதில் மூன்றை விட்டுவிட்டார். என்னைக் கேட்டால் இந்த வெட்டுகிற கட்சியும், நான் இருந்த முடிச்சுப் போடுகிற கட்சியும் ஒன்றுதான். இரண்டு பேருக்குமே உட்கார்ந்து யோசிக்கச் சோம்பல்.

பழைய மெஷினிலிருந்து புதுசு செய்யும்போது, உள்ளே இருக்கும் அத்தனை பிள்ளைகளையும் புதுப் பெயரோடு பிரதி எடுத்து வேறு ஃபோல்டருக்குக் கொண்டுபோக ஒரே கட்டளை இருக்கிறது, 'பேக் அண்ட் கோ' என்று. 2009-லும் இருந்தது. மெனுவில் 'சேவ் ஆஸ்' இருக்கிற அதே வரிசையில்! பெயர் வைக்காமல் பிரதி எடுத்தால் அது வேறு தலைவலி. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்து, ஒன்று ஏற்கெனவே திறந்திருந்தால், மென்பொருள் "தேடுவானேன்?" என்று திறந்திருப்பதையே எடுத்துக்கொள்ளும். எங்கள் சர்வரில் அப்போது 'பேஸ் பிளேட்', 'பேஸ் பிளேட் புதுசு', 'பேஸ் பிளேட் ஃபைனல்', 'பேஸ் பிளேட் ஃபைனல் கடைசி' என்று நாலு இருந்தன. நாலாவதைவிட மூன்றாவதுதான் புதுசு என்று எல்லோருக்கும் மனப்பாடம். ஜூனியர் அத்தனையையும் ஒழித்து, நம்பர் போட்டான்.

அவன் இப்போது புனேயில் ஒரு பெரிய இடத்தில் இருக்கிறான். என்னைவிட இரண்டரை மடங்கு சம்பளம். பொங்கலுக்குப் போன் செய்வான். இன்றைக்கும் 'அண்ணா'தான்.

2017-ல் சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், பெல்ட் மாற்றுகிற விஷயமாக அந்த கிரைண்டர் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஆறு மெஷினும் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஆயுத பூஜைக்காக ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார் ஆபரேட்டர் அம்மா ஒருவர். மூன்றாவது மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மோட்டாருக்கு அடியில் 10 மில்லி பேக்கிங், பெயின்ட் உரிந்து, அப்படியே இருந்தது. பெரிய மோட்டாருக்காகப் போட்ட பழைய நாலு ஓட்டைகளில் முன்னால் இரண்டு மறைந்துவிட்டன. பின்னால் இரண்டு மட்டும் தகட்டில் காலியாக, மரையோடு, மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னத்தப் பாக்கறீங்க?" என்றார் அந்தம்மா.

"இந்த ஓட்டை..." என்று இழுத்தேன்.

"அதுங்களா? எல்லா மெஷின்லயும் வெச்சுக் குடுத்திருக்கறாங்க பாருங்க, நல்ல புத்திசாலிங்க" என்றபடி அவர் ஊதுபத்தியைப் பற்ற வைத்து, ஓட்டைக்கு ஒன்றாக இரண்டையும் நட்டுவிட்டு, அடுத்த மெஷினுக்குப் போனார்.